ஆறேகால் மணிக்கு வந்த போன்

என்னைப் பேசக் கூப்பிட்ட தம்பி முதல் வேலையாக, ஆலோசகர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் எல்லோரையும் போனை சைலண்டில் போடச் சொன்னார். மேடம் பேசும்போது தொந்தரவு கூடாதாம். ரொம்ப மரியாதை. இந்த அண்ணனூர் மையத்தில் இருபத்தாறு வருடம் குடி நோயாளிகளுக்கு ஆலோசகராக இருந்துவிட்டு போன வருடம் ஓய்வு பெற்றவள் நான். ஒரு அறை முழுக்க போன்கள் எனக்காக வாயை மூடிக்கொள்வது இதுதான் முதல் தடவை. இருக்கட்டும், அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

உங்கள் மடியில் ஒரு கையேடு இருக்கிறது. வழவழப்பான அட்டை. மலையுச்சியில் ஒருவன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சூரியனைப் பார்த்து நிற்கிறான். ஆவடி சுற்றுவட்டாரத்தில் அந்த மலை எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. குடியை விட்டவர்களை நான் பார்த்தவரை, யாரும் மலையேறவில்லை. கையில் டிபன் பாக்ஸோடு பட்டாபிராம் ரயிலில் நின்றுகொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

கையேட்டில், குடியை விட ஏற வேண்டிய பன்னிரண்டு படிகளும் இருக்கின்றன. தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பீர்கள். நானும் ஒப்பித்தேன். வெள்ளானூரில் நெல்லும் நிலமுமாக இருந்த குடும்பத்தில் முதலில் முதுகலை படித்தவள், அதுவும் தங்கப் பதக்கத்தோடு. கேட்க வேண்டுமா. முதல் படி, குடியின் முன்னால் என் பலம் செல்லாது என்று ஒப்புக்கொள்வது. இரண்டாவது, என்னைவிடப் பெரிய ஒன்று என்னை மீட்கும் என்று நம்புவது. மூன்றாவது, சரி, இனி நீயே பார்த்துக்கொள் என்று அதனிடம் ஒப்படைத்துவிடுவது. இதையெல்லாம் எதிர் நாற்காலியில் இருப்பவன் செய்வான். அவன் செய்துவிட்டானா என்று பார்த்து டிக் அடிப்பது நம் வேலை. பதினேழு வருடம் இப்படித்தான் நினைத்துக்கொண்டு சம்பளம் வாங்கினேன். சந்தேகமே வரவில்லை.

சந்தேகத்தை வரவழைத்தவர் மையத்தின் சமையல்காரர். எல்லோரும் அவரை மாஸ்டர் என்போம். பெயரைச் சொல்ல மாட்டேன். கூட்டத்தில் கேட்டதையும் பார்த்த ஆளையும் வெளியே பெயர் சொல்லிப் பேசக் கூடாது என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். என்னைவிட எட்டு வயது சின்னவர். இதே மையத்தில் நாலு தடவை சேர்க்கப்பட்டு, நாலு தடவையும் பின்பக்கச் சுவரேறிக் குதித்துப் போய்க் குடித்தவர். ஐந்தாவது தடவை குதிக்காமல் சமையல்கட்டிலேயே தங்கிவிட்டார். எங்கள் மையத்தின் மிக நீண்ட சிகிச்சை அவருடையதுதான், இன்னும் முடியவில்லை.

மாலை ஆறு மணி உங்களுக்கு டீ நேரம். குடித்துப் பழகியவனுக்கு அது வேறு நேரம். வேலை விட்டிருக்கும், கடையில் விளக்குப் போட்டிருப்பார்கள், உடம்பு தானாகவே அந்தப் பக்கம் திரும்பும். அந்த நேரம் பார்த்து மாஸ்டர் ஒரு மூட்டை வெங்காயத்தைக் கூடத்தில் கொட்டுவார். அத்தனை பேரும் சுற்றி உட்கார்ந்து உரிக்க வேண்டும். ஆளுக்கு ஒரு கை பொட்டுக்கடலை, ஒரு துண்டு வெல்லம். "வாய்க்கும் கைக்கும் வேல குடு. கால் மணி நேரம் தாண்டினா அது தானா போய்டும். வந்துட்டுப் போற கழுத அது, கட்டிப் போட்டாதான் தங்கும்" என்பார். நான் இதற்கு அறிக்கையில் 'ஏக்க மேலாண்மைப் பயிற்சி' என்று பெயர் வைத்தேன். மாஸ்டரிடம் காட்டினேன். "வெங்காயம் எங்கனா எழுதிக் கீதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இன்னொன்றும் சொல்லிக்கொடுப்போம். பசி, கோபம், தனிமை, அலுப்பு, இந்த நாலில் ஏதாவது ஒன்று இருக்கும்போதுதான் ஆசை கதவைத் தட்டும். தட்டினால் முதல் கிளாஸைத் தொடுவதற்கு முன்னால் ஒரு போன் செய். குடித்த பிறகு யாருக்கு வேண்டுமானாலும் செய்துகொள், அதற்குமுன் எங்களுக்குச் செய். மையத்தை விட்டுப் போகும் ஒவ்வொருவனும் ஒரு நம்பரை எழுதிக்கொண்டு போவான். பெரும்பாலும் என் நம்பர். எனக்கு அதில் பெருமை பிடிபடாது.

சகாயம் என்று ஒருவன், அவன் பெயரையும் அவன் மனைவி பெயரையும் மாற்றித்தான் சொல்கிறேன், அந்த நம்பரை எழுதிக்கொள்ளவில்லை, செதுக்கிக்கொண்டான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டுபவன். எவர்சில்வர் டிபன் பாக்ஸ் மூடியின் உள்பக்கத்தில், இரும்பில் கோடு கிழிக்கும் ஊசியால், பத்து இலக்கத்தையும் வரிசை பிசகாமல் பொறித்திருந்தான். எங்களிடம் வந்தபோது அந்தக் கையால் டீ டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. ஈரல் பாதி போயிருந்தது. இன்னொரு முறை ஆரம்பித்தால் அள்ளிக்கொண்டு வராதீர்கள் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். அவன் மனைவி லூர்து பட்டாபிராம் வீட்டைப் பூட்டிவிட்டு பூந்தமல்லியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். போகும்போது ஒரே வார்த்தைதான் சொன்னாளாம். "ஒரு வருசம் குடிக்காம இருந்து காட்டு, வரேன். ஒரு நாள் கொறஞ்சாலும் வர மாட்டேன்."

ஆக, அவனுக்கு ஒரு வருடம் என்பது காலண்டர் விஷயமில்லை. உயிரும் வீடும் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

எங்கள் மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வருடம் முடித்தவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருவான். அதற்குப் பிறந்தநாள் என்று பெயர். கேக், ஒரே ஒரு மெழுகுவத்தி, கைதட்டல். அவன் குடியால் அதிகம் அடிபட்டவர் யாரோ, பெரும்பாலும் மனைவி, ஒரு பித்தளை மெடலை அவன் கையில் வைப்பார். இதில் ஒரே விதி, அந்த நாள் எது என்று அவன்தான் சொல்ல வேண்டும். வருகிற ஞாயிறு எனக்கு ஒரு வருடம் என்று அவனாக போன் செய்ய வேண்டும். மையம் நினைவுபடுத்தாது, கூப்பிடாது. இந்த விதி எதற்கென்று நான் யோசித்ததே இல்லை. பழைய ஆட்களின் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன்.

அந்த வருடம் எங்கள் நிர்வாகக் குழுவுக்குப் புதுத் தலைவர் வந்திருந்தார். நல்ல மனிதர், எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். "குணமான ஆள் ஒருத்தரை நேர்ல பார்க்கணுமே மேடம்" என்றார். குணமான ஆள் என்று இந்தத் தொழிலில் யாருமே கிடையாது, இன்று குடிக்காத ஆள்தான் உண்டு என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் ஓடிப்போய்க் காலண்டரைப் பார்த்தேன். சகாயத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. சிவப்புப் பேனாவால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை வட்டம் போட்டேன். தலைவருக்குச் சொன்னேன். லூர்துவுக்கும் நானே போன் செய்து தேதியைச் சொன்னேன். "நெஜமாவா மேடம்?" என்று இரண்டு தடவை கேட்டாள். "நான் சொல்றேன் இல்ல" என்றேன். எல்லாம் முடிந்த பிறகு, போனால் போகிறதென்று, சகாயத்துக்குச் சொன்னேன்.

மாஸ்டர் காலண்டரைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "இந்த வட்டம் யார் போட்டது யக்கா?"

"நான்தான்."

"நாள எண்றது அவன் வேல. அவன் எண்ணட்டும். நீ ஏன் எண்ற?"

"ஒரு மாசம் முன்னாடியே ஏற்பாடு பண்ணணும் மாஸ்டர். உங்க கேசரி மாதிரி நெனச்ச நேரத்துல கிண்ட முடியாது."

இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். வாய் மட்டும் எனக்கு அப்போதும் நன்றாகவே வேலை செய்தது.

விழாவுக்கு மூன்று வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை. ஆவடியில் ஒரு பேக்கரியில் நின்றுகொண்டு, கேக்கின் மேல் பெயரைச் சிவப்பில் எழுதுவதா நீலத்தில் எழுதுவதா என்ற உலகப் பிரச்சினையைத் தீர்த்துக்கொண்டிருந்தேன். மணி ஆறேகால். போன் அடித்தது. சகாயம்.

"மேடம், பிசியா கீறீங்களா?"

"உனக்கு நூறு ஆயுசு சகாயம். இப்பதான் உன் கேக்குக்கு ஆர்டர் குடுத்துக்கிட்டிருக்கேன்."

"அம்பத்தூர் ஸ்டேஷனாண்ட நிக்கிறேன் மேடம்…"

"நில்லு, நல்ல விஷயம் கேளு. தலைவர் குடும்பத்தோட வராராம். லூர்து அன்னைக்கு ஓவர்டைம் வேணாம்னு சொல்லிட்டா. நீ பேசுறதுக்கு பத்து நிமிஷம் ஒதுக்கியிருக்கேன், எழுதி வெச்சுக்கோ. இன்னும் மூணே வாரம்தான். நீ சாதிச்சிட்ட, தெரியுமா?"

கொஞ்ச நேரம் ரயில் அறிவிப்பு மட்டும் கேட்டது.

"செரி மேடம். வெச்சிர்றேன்."

நானும் வைத்தேன். மனசு நிறைந்திருந்தது. எவ்வளவு உற்சாகப்படுத்திவிட்டேன் அவனை. பேக்கரிக்காரரிடம் நீலம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

விழா அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு. சகாயம் காலை பத்து மணிக்கே வந்துவிட்டான். வந்தவன் யாரிடமும் பேசாமல் பின்பக்கம் போய் அண்டா தேய்க்க உட்கார்ந்துவிட்டான். மூன்று மணிக்கு மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டே என் அறைக்கு வந்தார்.

"யக்கா, பெர்த்டேக்கு வந்தவன் எவனாவது அண்டா தேய்ப்பானா? தேய்ச்சதையே திருப்பித் திருப்பித் தேய்க்கிறான். இன்னாமோ கீது. நிறுத்திடு."

"தலைவர் கார் அம்பத்தூர் ஓ.டி. தாண்டிடுச்சு மாஸ்டர்."

"காரு வரட்டும், கேசரி குடுத்து அனுப்பலாம். மொதல்ல அவனாண்ட போய்க் கேளு."

நான் போகவில்லை. அவனே வந்தான். ஈரக் கையோடு கதவருகில் நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான்.

"மேடம், மெடல் வேணாம் மேடம். ஃபங்ஷன் வேணா நடக்கட்டும், மெடல் வேணாம்."

இந்த இடத்தைக் கவனித்துக் கேளுங்கள். எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. தெரியவில்லை என்று இத்தனை வருடத்தில் பலரிடம் சொல்லியிருக்கிறேன், பொய். பதினேழு வருடம் குடித்தவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த முகம் தெரியாதா. கதவைச் சாத்திவிட்டு, உட்காரு, என்ன ஆச்சு என்று கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் வெளியே வந்திருக்கும். ஆனால் வாசலில் லூர்து வந்துவிட்டாள், நாற்காலி போட்டாகிவிட்டது, கேக்கில் நீல எழுத்து.

"மேடைன்னா எல்லாருக்கும் பயம்தான் சகாயம். இன்னைக்கு மட்டும் சமாளிச்சிடு. நாளைக்குப் பேசிக்கலாம்."

இன்று மட்டும். நாம் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் வார்த்தை அது. வாழ்நாள் முழுக்கக் குடிக்காமல் இருப்பதைப் பற்றி யோசிக்காதே, இன்று மட்டும் குடிக்காமல் இரு என்று சொல்லத்தான் அது இருக்கிறது. அதை எடுத்து ஒருவனைப் பொய் சொல்லச் சொல்வதற்குப் பயன்படுத்திய ஒரே ஆலோசகர் நானாகத்தான் இருப்பேன். தங்கப் பதக்கத்துக்கு நியாயம் செய்துவிட்டேன்.

அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

நாலரை மணிக்கு மெழுகுவத்தி ஏற்றினோம். முன்வரிசையில் தலைவரும் அவர் குடும்பமும். கேக் பக்கத்தில் லூர்து. எக்ஸ்போர்ட் கம்பெனியில் நாள் முழுக்க மிஷின் ஓட்டுகிறவள், அன்றைக்குப் பட்டுப்புடவை கட்டி வந்திருந்தாள். மெடலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் மைக்கில் கொஞ்சம் பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. என்னைப் பற்றித்தான் பேசியிருப்பேன்.

சகாயம் மைக்கைப் பிடித்தான்.

"பேரு சகாயம். நான் ஒரு குடி நோயாளி. இன்னிக்கு எனக்கு இருபத்தி ரெண்டாவது நாளு."

தலைவர் கைதட்டினார். பாவம், அவருக்கு இருபத்திரண்டு பெரிய எண்ணாகத் தெரிந்திருக்கும். வேறு யாரும் தட்டவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"மூணு வாரம் முன்னாடி சனிக்கெழம. மதியம் சாப்புடல. லேத்துல கடஞ்ச ஒரு ஜாப் அளவு தப்பிடுச்சு, மொதலாளி எல்லார் முன்னாடியும் திட்டிட்டாரு. ஊட்டுக்குப் போனா அங்க யாரும் கெடையாது. ஒடம்பு ஓஞ்சு போயிருச்சு. பசி, கோவம், தனிம, அலுப்பு, நாலும் சேந்துகினு வந்து நின்னுது. ஸ்டேஷனாண்ட டிபன் பாக்ஸத் தொறந்தேன். மூடில நம்பர் கீது. ஒருத்தருக்கு போன் பண்ணேன். அவங்க வேற வேலைல இருந்தாங்க. அவங்க மேல தப்பு இல்ல, நானும் வாயத் தொறந்து கேக்கல. அப்பால கடைக்குப் போய்ட்டேன்."

அவன் லூர்துவைப் பார்த்தான்.

"அன்னிக்கு மட்டுந்தான். மறுநாள்லேர்ந்து தொடல. ஒரு வருசம்னு சொல்லி இத வாங்கிக்கலாம்னுதான் காலைல வந்தேன். நீ ஊட்டுக்கு வந்துருவ. ஆனா இந்த மெடல தெனம் பாத்துகினு இருக்கணும். அதப் பாத்துப் பாத்தே நான் மறுபடி குடிச்சிருவேன். என்னால முடியாது லூர்து. மன்னிச்சிடு."

லூர்து மெடலைக் கேக் பக்கத்தில் வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாள். "இருபத்தி ரெண்டா" என்றாள், அவனிடம் இல்லை, பொதுவாக. பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். மெழுகுவத்தியை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. அது கேக் மேலேயே எரிந்து உருகியது.

ஆறேகால் மணி, ரயில் அறிவிப்பு, நீலமா சிவப்பா, எல்லாம் ஒன்றாக வந்து நின்றது. இரண்டு ஸ்டேஷன். அம்பத்தூரில் நின்றவனிடம் அடுத்த ரயிலைப் பிடித்து அண்ணனூரில் இறங்கி வா என்று சொல்லியிருந்தால் போதும். நடுவில் திருமுல்லைவாயல் ஒன்றுதான். செத்துப்போய்விடலாம் போலிருந்தது.

தலைவர் எழுந்து வந்தார். "இது ப்ரோக்ராம்ல இல்லையே மேடம்" என்றார். அப்புறம், "ஆபீஸ்ல உக்காந்திருக்கேன், வந்து என்னன்னு சொல்லுங்க" என்று போனார். அவர் கேட்டதில் தவறில்லை. பதில் சொல்வது என் வேலைதான். விருந்தாளிகளை அனுப்பி நாற்காலிகளை அடுக்கி முடிக்கும்போது மணி ஆறாகப் பத்து நிமிடம் இருந்தது. சமையல்கட்டு வாசலில் மாஸ்டர் கத்தியோடு நின்றுகொண்டிருந்தார்.

"உள்ள உக்காந்துகினு பின்கேட்டையே பாக்கிறான். ஆபீஸ்ல ஒருத்தரு, இங்க ஒருத்தன். ரெண்டு பேரும் உன்னத்தான் பாக்கணும். நீ எங்க போறியோ போ."

திட்டியிருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும். அந்த மனிதர் நான் சொன்னேனே என்றுகூடச் சொல்லவில்லை. நான் சமையல்கட்டுக்குள் போனேன்.

சகாயம் வெங்காய மூட்டை முன்னால் உட்கார்ந்திருந்தான். பின்கேட்டிலிருந்து கடைக்கு ஐந்து நிமிட நடை. நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரில் தரையில் உட்கார்ந்தேன். மாஸ்டர் ஒரு கத்தியை என் பக்கம் தள்ளினார். பதினேழு வருடத்தில் நான் அங்கே உட்கார்ந்து ஒரு வெங்காயம் உரித்ததில்லை, பயிற்சிக்குப் பெயர் வைத்ததோடு சரி.

நாலைந்து வெங்காயம் உரித்த பிறகு கேட்டேன். "அந்த ஒருத்தர் நான்தான்னு சொல்லியிருக்கலாமே சகாயம்."

"கூட்டத்துல அடுத்தவங்க பேரச் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே மேடம் சொல்லிக் குடுத்தீங்க."

குத்தலாகச் சொல்லவில்லை. பாடத்தைச் சரியாகப் படித்தவன் ஒப்பிப்பதுபோலச் சொன்னான். நான் அழுதேன். வெங்காயம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம், அன்றைக்கு அதற்கும் தெம்பில்லை.

"எனக்குத் தெரியல சகாயம். உன்ன எப்படிக் காப்பாத்துறதுன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரி நடிச்சுக்கிட்டிருந்தேன்."

அவன் அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டே, "எனக்கும் தெரியல மேடம்" என்றான்.

"ரெண்டு பேரும் ஒருவழியா மொத படிக்கு வந்துட்டீங்க" என்றார் மாஸ்டர். "அந்த இஞ்சிய யாராச்சும் தட்டுங்க."

சகாயம் எழுந்து இஞ்சி தட்டினான். ஆபீஸிலிருந்து இரண்டு தடவை ஆள் வந்து கூப்பிட்டார்கள். வருகிறேன் என்று சொன்னேன், போகவில்லை. ஆறரைக்குக் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. அடுத்த வாரம் எனக்கு ஒரு மெமோ வந்தது. என் பணிக்காலத்தில் நான் நியாயமாகச் சம்பாதித்த ஒரே காகிதம் அது என்பதால் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

குடிக்கும் ஆசை அன்றைக்கு விட்டு விட்டு வந்தது. அவன் இரண்டு தடவை எழுந்து பின்கேட் வரை போனான். முதல் தடவை நான் கூடவே எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை, அதனால் எதுவும் சொல்லவில்லை. அவனாகவே திரும்பி வந்தான். இரண்டாவது தடவை மாஸ்டர் அவன் வாயில் ஒரு வெல்லக் கட்டியைத் திணித்தார். ஏழு மணிக்கு அவன் பின்கேட்டைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தான்.

ஏழே காலுக்கு மைய போன் அடித்தது. லூர்து. ஆவடி பஸ் ஸ்டாண்டிலிருந்து பேசினாள். பூந்தமல்லி பஸ் மூன்று போய்விட்டது, ஏறவில்லையாம்.

"குடிச்சிட்டாரா மேடம்?"

"இல்ல லூர்து. இஞ்சி தட்டிக்கிட்டிருக்கார்."

பின்னால் இன்னொரு பஸ் கிளம்பியது.

"அன்னைக்கு அவரு போன் பண்ணது யாருக்கு?"

பொய் ஒன்று நாக்கின் நுனிவரை வந்தது. அந்தரங்கம், விதி, வெளியே சொல்லக் கூடாது என்றெல்லாம் அழகாகச் சொல்லியிருக்கலாம். அதற்கான தகுதியெல்லாம் என்னிடம் இருந்தது.

"எனக்குத்தான். நான் கேக் ஆர்டர் குடுத்துக்கிட்டிருந்தேன். அவரப் பேச விடல."

வைத்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

"அவருக்கு இருபத்தி ரெண்டாவது நாள். உங்களுக்கு எத்தனாவது நாள் மேடம்?"

"இன்னைக்குத்தான் மொத நாள்."

"செரி" என்றாள். "நான் இப்ப வீட்டுக்கு வரல. ஒரு வருசம்னு சொன்னேன், சொன்னது சொன்னதுதான். மறுபடி மொதல்லேர்ந்து எண்ணட்டும். ஆனா தெனம் ஆறேகாலுக்கு நான் அவருக்கு போன் பண்றேன்னு சொல்லுங்க. வேற யாரையும் நம்பி விட மாட்டேன்."

போய்ச் சொன்னேன். சகாயம் இஞ்சிக் கையைத் துடைத்துக்கொண்டான். பிறகு டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்தான். என் நம்பரை அழிக்கப்போகிறான் என்று நினைத்தேன். அழிக்கவில்லை. சமையல்கட்டு ஆணி ஒன்றை எடுத்து, அதற்குக் கீழே மாஸ்டர் நம்பரைக் கீறிக்கொண்டான். அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

சிவப்பு வட்டம் போட்ட காலண்டரை அன்றைக்கே கழற்றிவிட்டேன். அதன் பிறகு அவன் நாட்களை நான் எண்ணவில்லை. எண்ணவே இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், கை அரிக்கத்தான் செய்தது. அரிக்கும்போதெல்லாம் சமையல்கட்டுக்குப் போய் வெங்காயம் உரித்தேன். கைதட்டல் கேட்டே வளர்ந்தவளுக்கு அதுவும் ஒரு போதைதான், அதற்கும் அதே மருந்துதான். மாஸ்டர் பொட்டுக்கடலை கொடுப்பார், ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டார்.

ஒரு நாள் போன் வந்தது. "மேடம், வர்ற ஞாயித்துக்கெழம." அவ்வளவுதான் சொன்னான். கேக் வாங்கியது யார், என்ன நிறத்தில் எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். லூர்து அந்தப் பட்டுப்புடவையையே கட்டிக்கொண்டு வந்து மெடலைக் கொடுத்தாள். பட்டாபிராம் வீட்டுக்கு எப்போது திரும்பினாள் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்றும் சகாயம் குடிக்காமல் இருக்கிறானா என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். நேற்று மாலை ஆறேகால் வரை தெரியும். இன்றைக்கு இன்னும் ஆறேகால் ஆகவில்லை.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன், என் நம்பர் இன்னும் பல டிபன் பாக்ஸ்களில் இருக்கிறது. உங்கள் நம்பரும் இனி இருக்கும். அந்தத் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. மணி ஆறாகிவிட்டது. எல்லோரும் போனை எடுங்கள், சத்தத்தைக் கூட்டி வையுங்கள். அடித்தால், மேடம் பேசுகிறாளே என்று பார்க்காமல் எழுந்து வெளியே போய் எடுங்கள். எங்கே நிற்கிறாய் என்று கேளுங்கள். அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு அவன் சொல்வதைக் கேளுங்கள்.

நானும் மூடிக்கொள்கிறேன்.